கணினி அறிவியல் தேர்வு கணினியில் நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் மாதம் வெளியிடப்பட்டு, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டதிலிருந்து, அம்முடிவின் நன்மை தீமைகள் குறித்து ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதும் கடிதங்களைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய பாடங்களை மனத்தில் கொண்டே எழுதப்பட்டிருக்கின்றன. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினிப் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த மாற்றம் கணினி அறிவியல் பாடத்தை எப்படிப் பாதிக்கும் என்பதையும், இப்பாடத்தின் தேர்வு முறையை இத்தருணத்திலேயே ஏன் திருத்தியாக வேண்டும் என்பதையும் வாசகர்கள் முன்னும் பள்ளிக் கல்வித் துறையின் முன்னும் வைக்க விரும்புகிறேன். கடிதம் நீளமாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் பாடத்திட்டத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பழைய பாடத்திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்கள் ஒரு தொகுதியில் ஸ்டார் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளையும் மறு தொகுதியில் சி பிளஸ் பிளஸ் மொழியையும் படித்தார்கள். எந்தப் பட்டியில் எந்தக் கட்டளை இருக்கிறது, எந்த விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்து தடிப்பாகும் என்பவற்றை எல்லாம் ஒரு மதிப்பெண் வினாக்களாக மனப்பாடம் செய்தார்கள். அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் அமைந்த குழுவின் வழிகாட்டலில் 2018-19-இல் பதினோராம் வகுப்புக்கும், அடுத்த ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடநூல்கள் வந்தபோது, இத்துறையில் பணியாற்றிய நாங்கள் உண்மையிலேயே மகிழ்ந்தோம். பதினோராம் வகுப்பில் நெறிமுறை (ஒரு சிக்கலைத் தீர்க்கும் படிகள்), அருவமாக்கம் (தேவையற்ற விவரங்களை விலக்கிப் பார்த்தல்), ஒரு சிக்கலைச் சிறு கூறுகளாகப் பிரித்தல், தற்சுழற்சி (ஒரு கட்டளைப் பகுதி தன்னையே மீண்டும் அழைப்பது) ஆகியவை தனித்தனிப் பாடங்களாக இடம்பெற்றன. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்ற நிரலாக்க மொழியும், தரவுத்தளமும், அதிலிருந்து தகவலைக் கேட்டுப் பெறும் எஸ்.க்யூ.எல். வினவல்களும், தரவை வரைபடமாகக் காட்டும் முறையும் வந்தன. அகில இந்தியப் பாடத்திட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத பாடநூல் அது. ஆனால் நூல் மாறிய அளவுக்குத் தேர்வு மாறவில்லை. எந்தப் பள்ளியிலும் தேர்வில் கேட்கப்படுவதுதான் வகுப்பறையில் கற்பிக்கப்படும் என்பதால், நூல் கொண்டுவந்த நன்மையில் பெரும்பகுதி மாணவர்களைச் சென்றடையவில்லை.

இன்றைய தேர்வின் அமைப்பு பலரும் அறிந்ததே. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்களில் 15 ஒரு மதிப்பெண் வினாக்களுக்கும், மீதி இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கும் உரியவை. இவற்றில் பெரும்பான்மை பாடநூலின் பாட இறுதிப் பயிற்சியில் இருந்தே, பள்ளிகளில் சொல்வதுபோல 'புக் பேக்' வினாக்களாகவே வருகின்றன. நிரல், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, எழுதச் சொல்லும் வினாவும் நூலில் அச்சிடப்பட்டுள்ள நிரலையே கேட்கிறது. ஆகவே மாணவர்கள் நிரலைச் செய்யுள் போலப் படிக்கிறார்கள். அதிகாலையில் எழுந்து உரத்த குரலில் பைத்தான் நிரலை வரி வரியாக ஒப்பிக்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வளவு உழைப்பும் தவறான இடத்தில் செலவாகிறது என்பதே என் வேதனை. 2025-ஆம் ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வில் கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு பெற்றவர்கள் 9,500-க்கும் மேற்பட்டோர். அதே தேர்வில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு பெற்றவர்கள் சுமார் 3,000 பேர். இத்தனை ஆயிரம் பிள்ளைகள் முழு மதிப்பெண் பெறுவது பெருமைக்குரியதுதான். ஆயினும் இவர்களில் எத்தனை பேரால், இதுவரை பார்த்திராத ஒரு சிறு கணக்குக்குக் கணினியின் முன் அமர்ந்து தாமாக நிரல் எழுத முடியும் என்பதை அந்த மதிப்பெண் நமக்குச் சொல்வதில்லை. அதை அளக்கும் வினா எதுவும் அந்தத் தேர்வில் இல்லை.

காகிதத்தில் நிரல் எழுதச் சொல்வதில் உள்ள இடர்ப்பாட்டை இத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பைத்தான் மொழியில் ஒரு வரி இடப்பக்க ஓரத்தில் இருந்து எவ்வளவு தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்பதே அந்த வரியின் பொருளைத் தீர்மானிக்கிறது. ஐந்தின் காரணிப்பெருக்கத்தைக் (1×2×3×4×5) கண்டுபிடிக்கும் நிரலில், விடையை அச்சிடும் வரி மடக்கிற்கு (மீண்டும் மீண்டும் இயங்கும் பகுதிக்கு) வெளியே இருந்தால் 120 என்ற ஒரே விடை வரும். நான்கு இடைவெளி உள்ளே தள்ளி மடக்கிற்குள் போய்விட்டால் 1, 2, 6, 24, 120 என ஐந்து வரிகள் வரும். விடைத்தாளில் மாணவர் அவசரமாக எழுதும்போது அந்த உள்தள்ளல் தெளிவாகத் தெரிவதில்லை. ஒரு நாளில் பல விடைத்தாள்களைத் திருத்த வேண்டிய ஆசிரியர், விடைக்குறிப்பில் உள்ள வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் இடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மொழியின் உயிரான இலக்கணம் தேர்வில் கவனிக்கப்படாமலே போகிறது. அதே மாணவர் ஆய்வகத்தில் ஒரே ஒரு முறை அந்த ஐந்து வரிகளைத் திரையில் பார்த்துவிட்டால், ஏன் இப்படி வந்தது என்று தாமே கேட்டு, அந்த வரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துத் தெளிந்துவிடுவார். பிறகு அதை அவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்காது.

இதைவிட ஆழமான இன்னொன்றும் உண்டு. ஒன்று முதல் பத்து வரையான எண்களை ஒரு பட்டியலில் இட்டு, அவற்றில் ஒற்றை எண்களை நீக்குவது செய்முறைப் பயிற்சிகளில் ஒன்று. மடக்கு ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்துக்கொண்டு செல்லும்போதே, ஒற்றை எண் வந்தால் அதே பட்டியலில் இருந்து அதை நீக்கிவிடுமாறு மாணவர்கள் எழுதுவது வழக்கம். இயக்கினால் 2, 4, 6, 8, 10 என்று சரியான விடை வருகிறது. மாணவர் மகிழ்ச்சியோடு பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். ஆனால் அதே நிரலுக்கு 1, 3, 5, 7 என்ற எண்களைக் கொடுத்துப் பார்த்தால், நான்கும் நீங்குவதற்குப் பதிலாக 3, 7 ஆகிய இரண்டும் பட்டியலில் எஞ்சி நிற்கும். ஓர் உறுப்பை நீக்கியவுடன் அதற்கு அடுத்திருந்தது ஓரிடம் முன்னே வந்துவிடுகிறது. மடக்கோ அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. அதனால் இடையில் ஓர் உறுப்பு பார்க்கப்படாமலே தப்பிவிடுகிறது. முதல் முறை சரியான விடை வந்ததற்குக் காரணம், தொடர் எண்களில் அப்படித் தப்பியவை எல்லாம் இரட்டை எண்களாக அமைந்துவிட்டதுதான். சரியான விடை வருவது வேறு, நிரல் சரியாக இருப்பது வேறு என்ற மிகப் பெரிய பாடத்தை அந்தச் சிறு பயிற்சி கற்பிக்க வல்லது. ஓர் ஆண்டு என் மாணவி ஒருத்தி, நான் சொல்லாமலே எண்களை மாற்றிப் போட்டுப் பார்த்து, "சார், புக்ல வர்ற விடை எனக்கு வரல" என்று கவலையோடு வந்து நின்றாள். அன்று அந்த வகுப்பு முழுவதும் பாடவேளை முடிந்த பின்னும் அந்த இரண்டு எண்கள் ஏன் எஞ்சின என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. என் பணிக்காலத்தில் நான் மிகவும் மதிக்கும் வகுப்பு அது. ஆனால் அந்த மாணவி கண்டுபிடித்ததற்கு இன்றைய தேர்வில் அரை மதிப்பெண்கூடக் கிடையாது. விடை மாறிவிடுமோ என்ற அச்சத்தில், தேர்வு நாளில் அவளும் நூலில் உள்ள எண்களையே எழுதிவிட்டு வந்தாள்.

இந்தக் குறையைப் போக்கத்தானே செய்முறைத் தேர்வு இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். அதற்குரிய 20 மதிப்பெண்ணில் பெரும்பகுதியும், நூலின் இறுதியில் முன்கூட்டியே அச்சிடப்பட்டுள்ள பயிற்சிப் பட்டியலில் ஒன்றைச் செய்து காட்டுவதற்கே வழங்கப்படுகிறது. காரணிப்பெருக்கம், சரத்தைத் (எழுத்துத் தொடரைத்) திருப்புதல், பகா எண்கள், பணியாளர் அட்டவணை, மாணவர் அட்டவணை என்று ஆண்டு முழுவதும் அதே பயிற்சிகள்தாம். பதிவேட்டில் ஒருமுறை எழுதி, ஆய்வகத்தில் தட்டச்சு செய்து, தேர்வில் மீண்டும் எழுதுகிறார்கள். புறத்தேர்வராகப் பிற பள்ளிகளுக்குச் சென்றபோது, மாணவர் எழுதியிருக்கும் நிரலில் ஒரு மாறியின் பெயரை மட்டும் மாற்றச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே கைநடுங்கி, "அப்படி மாத்தினா புக்ல உள்ளது மாதிரி இருக்காதே சார், மார்க் போடுவீங்களா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குக் காரணமான பழக்கத்தை நாம்தான் அவர்களுக்கு ஊட்டியிருக்கிறோம்.

நம் மாநிலத்துக்கு இதில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தட்டச்சுத் தேர்வை எண்ணிப் பாருங்கள். சிற்றூர்களில் இருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து இளநிலையும் முதுநிலையும் எழுதுகிறார்கள். அவர்கள் முன் வைக்கப்படும் பத்தி எதுவென்று தேர்வு அறைக்குள் நுழையும்வரை அவர்களுக்குத் தெரியாது; பொறியின் முன் அமர்ந்து, குறித்த நேரத்துக்குள் அதை அடித்து முடிக்கிறார்கள். விசைப்பலகையில் எந்த எழுத்து எங்கே உள்ளது என்று காகிதத்தில் எழுதச் சொல்லி ஒருவருக்குத் தட்டச்சுச் சான்றிதழ் கொடுப்பதை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். பல பத்தாண்டுகளாகக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரசு வேலையின் கதவைத் திறந்துவிட்ட அந்தத் தேர்வு கடைப்பிடிக்கும் எளிய நியாயத்தை, கணினி அறிவியல் தேர்வும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அண்டை மாநிலமான கேரளத்தில் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டமாகத் தொடங்கி, 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக வளர்ந்த அமைப்பின் துணையோடு, எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்களுக்கான ஐ.டி. தேர்வு கணினியிலேயே, கட்டற்ற மென்பொருள் கொண்டு நடத்தப்படுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சி.பி.எஸ்.இ.) பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் செய்முறைக்கு 30 மதிப்பெண். அதில் ஆய்வகத் தேர்வுக்கு 12, பயிற்சிக் கோப்புக்கு 7, செயல்திட்டத்துக்கு 8, வாய்மொழித் தேர்வுக்கு 3 என்று பிரித்திருக்கிறார்கள். அதுவும் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. செயல்திட்டம் என்ற பெயரில் கடையில் விலைக்கு வாங்கிய கோப்பைச் சமர்ப்பிக்கும் வழக்கம் எல்லா ஊர்களிலும் உண்டு.

செயல்திட்டத்தைப் பற்றிப் பேசும்போது இங்கிலாந்தின் அனுபவத்தையும் கவனிக்க வேண்டும். அந்நாடு 2014 செப்டம்பரில் பழைய ஐ.சி.டி. (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) பாடத்தை நீக்கிவிட்டு, நிரலாக்கத்தை மையமாகக் கொண்ட கணிமைப் பாடத்தைப் பள்ளிகளில் கொண்டுவந்தது. பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. கணினி அறிவியல் தேர்வில் 20 விழுக்காடு மதிப்பெண், மாணவர்கள் பள்ளியில் பல மணி நேரம் செலவிட்டுச் செய்யும் நிரலாக்கப் பணிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பணிகளுக்கான விடைகள் இணையத்தில் வெளியாகிவிட்டதால், தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்க்வால் 2018 ஜனவரியில் அந்த மதிப்பெண்ணைத் தரநிலைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. ஆனால் அத்துடன் அவர்கள் காகிதத்துக்குத் திரும்பிவிடவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். பியர்சன் எடெக்செல் என்ற தேர்வு வாரியம் தன் புதிய பாடத்திட்டத்தில் இரண்டாம் தாளை முழுக்கக் கணினித் திரையிலேயே எழுதும் இரண்டு மணி நேரத் தேர்வாக அமைத்து, 2022-இல் முதன்முறையாக நடத்தியது. மாணவர்களுக்குப் பைத்தான் கோப்புகள் தரப்படும். அவற்றில் உள்ள பிழைகளைத் திருத்துவதும், குறைநிரலை நிறைவு செய்வதும், புதிதாக எழுதுவதும்தான் வினாக்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று முடிக்கும் செயல்திட்டத்தைவிட, அறையில் அமர்ந்து அந்த நேரத்தில் செய்து காட்டும் சிறு பணியே நம்பத்தக்கது என்பதை இந்த அனுபவத்தில் இருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். நமக்குச் செயல்திட்டம் வேண்டாம் என்று நான் கருதுவதற்கும் இதுவே காரணம். செலவு செய்ய முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே அது சாதகமாக அமையும்.

எனவே நான் முன்வைக்கும் மாற்றம் பெரிய செலவு எதையும் வேண்டுவதன்று. எழுத்துத் தேர்வை 50 மதிப்பெண்ணாகக் குறைத்து, செய்முறையை 40 ஆக உயர்த்தலாம். அகமதிப்பீடு 10 அப்படியே இருக்கட்டும். எழுத்துத் தேர்வில் மனப்பாடமாக நிரல் எழுதச் சொல்லும் வினாக்களை நீக்கிவிட்டு, கொடுக்கப்பட்ட நிரலை வாசித்து அதன் விடையைச் சொல்வது, அது எந்த உள்ளீட்டுக்குத் தவறான விடை தரும் என்று காட்டுவது போன்ற வினாக்களை வைக்கலாம். செய்முறைத் தேர்வில் மூன்று பணிகள் போதும். ஏறத்தாழ இருபது வரிகள் கொண்ட, பிழையுள்ள ஒரு நிரலை இயக்கிப் பார்த்துத் திருத்துவது ஒன்று. நூலில் இல்லாத, ஆனால் நூலில் படித்ததைக் கொண்டே தீர்க்கக்கூடிய ஒரு சிறு சிக்கலுக்கு நிரல் எழுதுவது மற்றொன்று; நியாயவிலைக் கடையின் இருப்புக் கணக்கோ, பேருந்துக் கட்டணமோ, பள்ளி வருகைப் பதிவோ எதுவாகவும் அது இருக்கலாம். மூன்றாவது, கொடுக்கப்பட்ட அட்டவணையின் மீது சில எஸ்.க்யூ.எல். வினவல்கள். இவற்றுக்கான வினாத்தொகுப்புகள் பலவற்றை அரசுத் தேர்வுகள் இயக்ககமே உருவாக்கி, ஒவ்வோர் அணிக்கும் வெவ்வேறு தொகுப்பு வருமாறு தேர்வு நாளின் காலையில் புறத்தேர்வரிடம் உறையில் வழங்க வேண்டும். பாடநூலை மாணவர் உடன் வைத்துக்கொள்ள அனுமதிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. தொழிலில் இருக்கும் நிரலாளர் ஒவ்வொருவரும் கையேட்டைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறார். பதினேழு வயதுப் பிள்ளையிடம் மட்டும் அதைப் பறிப்பதில் பயன் ஒன்றும் இல்லை. நிரல் முழுமையாக இயங்காவிட்டாலும், சிந்தனை சரியான திசையில் சென்றிருந்தால் பகுதி மதிப்பெண் தரும் தெளிவான விதிமுறையும் வேண்டும்.

கணினிகள் போதுமா என்ற கேள்வி எழும். 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. செய்முறைத் தேர்வு இப்போதே அணி அணியாகப் பிரித்துத்தான் நடத்தப்படுகிறது. கூடுதலாக இரண்டு மூன்று நாள்கள் ஒதுக்கினால் நான் சொன்ன முறையையும் நடத்த முடியும். பைத்தானுக்கு உரிமக் கட்டணம் இல்லை. இணைய இணைப்பும் தேவையில்லை. பழைய கணினியிலும் அது ஓடும். உண்மையான தடை ஆய்வக நேரம்தான். இணையவழித் தேர்வுகள், மதிப்பீடுகள், பயிற்சிக் கூட்டங்கள் என்று ஆய்வகம் பிற வேலைகளுக்கு எடுத்துக்கொள்ளப்படும் நாள்களில், அதை உரிமையோடு பயன்படுத்த வேண்டிய கணினி அறிவியல் மாணவர்கள் வகுப்பறையில் அமர்ந்து நிரலைக் குறிப்பேட்டில் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கணினி தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளியின் இணையவழிப் பதிவேற்றப் பணிகள் அனைத்தும் கணினி ஆசிரியரின் தலையில் விழுவதும் எல்லாப் பள்ளிகளிலும் காணும் நிலை. வாரத்தில் குறைந்தது இரண்டு பாடவேளைகள் ஆய்வகம் இவர்களுக்கு மட்டுமே என்று ஆணை பிறப்பித்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஆசிரியர் பற்றாக்குறை இன்னொரு சிக்கல். ஆசிரியர் தேர்வு வாரியம் 2019-இல் 814 கணினிப் பயிற்றுநர் பணியிடங்களுக்குத் தேர்வு நடத்தியது. இன்றும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகக் குறைந்த ஊதியத்தில் அமர்த்தப்பட்ட ஆசிரியரை நம்பியே இப்பாடத்தை நடத்தும் பள்ளிகள் உள்ளன. மறுபுறம், கணினி அறிவியலில் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றவர்கள், உயர்நிலை வகுப்புகளில் இப்பாடம் தனிப்பாடமாக இல்லாததால் பணிக்காகக் காத்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணினி என்பது அறிவியல் நூலின் கடைசிப் பாடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்பு நூலில் ஸ்கிராட்ச் என்ற நிரல் பழகும் மென்பொருளைப் பற்றிய அருமையான அறிமுகம் இருந்தும், அந்தப் பாடத்தை எட்டும்போது திருப்புதல் தேர்வுகள் தொடங்கிவிடுகின்றன. 2025-26-இல் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குச் செயற்கை நுண்ணறிவும் ரோபோ இயலும் கற்பிக்கும் திட்டத்தை அரசு தொடங்கியிருப்பதை வரவேற்கிறேன். ஆனால் எட்டாம் வகுப்பில் அதைக் கற்ற பிள்ளைக்கு ஒன்பதிலும் பத்திலும் தொடர்ச்சி இல்லாமல் போனால், பிளஸ் ஒன் வகுப்பில் அவர் மீண்டும் முதலில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

இப்போது பதினோராம் வகுப்புக்கு வருகிறேன். 2018-க்கு முன் அவ்வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லாத காலத்தில், பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடங்களை ஒதுக்கிவிட்டுப் பிளஸ் டூ பாடங்களையே இரண்டு ஆண்டும் நடத்தின. அதே நிலை திரும்பினால் முதலில் பலியாவது, நான் மேலே குறிப்பிட்ட நெறிமுறை, பிரித்து நோக்குதல், தற்சுழற்சி ஆகிய பாடங்கள்தாம். கணினி அறிவியலின் அடித்தளமே அவைதான். பைத்தான் அதன்மீது எழுப்பப்படும் கட்டடம். அவற்றைக் கற்காமல் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும் மாணவருக்கு நிரலை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியே இருக்காது. பொதுத்தேர்வை நீக்கியதை நான் எதிர்க்கவில்லை. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதே. தேர்வின் அச்சம் நீங்கிய அந்த ஓராண்டு, ஆய்வகத்தில் துணிந்து தவறு செய்து பழகுவதற்கு ஒரு மாணவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த காலம். ஆனால் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு புதிய சிக்கல்களைக் கேட்பதாக இருந்தால்தான் பள்ளிகள் அந்த ஆண்டை அப்படிப் பயன்படுத்தும். பட்டியலில் உள்ள நிரல்களையே கேட்கும்வரை, பதினோராம் வகுப்பு ஆய்வகம் பூட்டியே கிடக்கும்.

மதிப்பெண் குறைந்துவிடுமே என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. பொறியியல் கலந்தாய்வின் தரவரிசை கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைக் கொண்டே கணக்கிடப்படுவதால், கணினி அறிவியல் தேர்வு மாறுவதால் அங்கே யாருக்கும் பெரிய இழப்பில்லை. கலை அறிவியல் கல்லூரிகளில் சேர விரும்புவோருக்கு இம்மதிப்பெண் முக்கியம். அதனால்தான் பாடநூலைத் திறந்து பார்க்கும் அனுமதியையும் பகுதி மதிப்பெண்ணையும் வலியுறுத்துகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் எல்லாப் பொறியியல் பிரிவு மாணவர்களுக்கும் முதலாண்டிலேயே சிக்கல் தீர்த்தலும் பைத்தான் நிரலாக்கமும் என்ற பாடம் இருந்தது. பள்ளியில் கணினி அறிவியல் படித்து நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையும், உயிரியல் படித்துவிட்டு வந்த பிள்ளையும் அந்த வகுப்பில் ஒரே இடத்தில் இருந்து தொடங்குவதாகக் கல்லூரியில் கற்பிக்கும் என் முன்னாள் மாணவர்கள் சொல்லக் கேட்கும்போது, இரண்டு ஆண்டுகளின் உழைப்பு எங்கே போயிற்று என்று மனம் வருந்துகிறது.

இந்த மாற்றத்தால் மிகுதியாகப் பயன்பெறப்போவது தமிழ்வழியில் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளே என்பதையும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். செயற்கூறு, மாறி, இனக்குழு, வரையெல்லை என்று அவர்கள் கருத்துகளைத் தமிழில் தெளிவாகவே கற்கிறார்கள். ஆனால் நிரலில் பிழை நேர்ந்தால் திரையில் தோன்றும் செய்தி ஆங்கிலத்தில்தான் வருகிறது. அதைக் கண்டு பதறாமல், எந்த வரியில் பிழை என்று அது சொல்கிறது, எந்த வகைப் பிழை என்று சொல்கிறது என இரண்டை மட்டும் பார்க்கப் பழகிவிட்டால், ஆங்கிலத்தின் மீதுள்ள அச்சமும் சேர்ந்தே விலகுகிறது. வீட்டில் கணினி உள்ள பிள்ளை இதைத் தானாகப் பழகிவிடும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்குப் பள்ளி ஆய்வகத்தை விட்டால் வேறு இடமில்லை. தேர்வு அதைக் கேட்டால் மட்டுமே ஆய்வகம் அவருக்குத் திறக்கும். நிரலைக் கேட்டவுடன் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒவ்வொருவர் கைபேசியிலும் வந்துவிட்ட காலம் இது. அந்தக் கருவி தரும் நிரல் சரியா, எந்த இடத்தில் தவறும் என்று சோதித்தறியும் திறன் உள்ளவரே இனி நிரலாளர். மனப்பாடமாக நிரல் எழுதுவதற்கு இன்று எந்த நிறுவனமும் யாருக்கும் சம்பளம் தருவதில்லை.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் மாற்றுவதில் தயக்கம் இருந்தால், வரும் கல்வியாண்டில் ஏதேனும் இரண்டு மாவட்டங்களில், ஒன்று நகரம் சார்ந்ததாகவும் மற்றொன்று கிராமப்புறமாகவும் எடுத்துக்கொண்டு, அரையாண்டுத் தேர்வின்போது இப்புதிய செய்முறைத் தேர்வைச் சோதனையாக நடத்திப் பார்க்கட்டும். வினாத்தொகுப்புகளை உருவாக்கும் பணிக்கு, இன்று பணியில் உள்ள கணினிப் பயிற்றுநர்களில் ஆர்வமுள்ளவர்களை அழைக்கட்டும். ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களும் ஊதியம் எதிர்பாராமல் உதவ அணியமாக இருக்கிறோம். சோதனையின் முடிவுகளை மறைக்காமல் வெளியிட்டு, ஆசிரியர்களின் கருத்தைக் கேட்ட பின், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடைபெறும் செய்முறைத் தேர்வுக்கான விதிமுறைகளை ஜூன் மாதத்திலேயே பள்ளிகளுக்கு அனுப்பிவிட வேண்டும். இடையில் மாற்றம் அறிவித்தால் பிள்ளைகள்தாம் தவிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.